உளிக்கு ஏத்த சாணை: கடைசல் வேலைக்கு பெஞ்ச் கிரைண்டர் வாங்கறது பத்தி

மரம் கடையற லேத் வாங்கறதுக்கு எல்லாரும் மாசக்கணக்குல யோசிப்பாங்க. சக் எது நல்லாருக்கும், மோட்டார் எத்தனை ஹெச்பி வேணும், பெட் நீளம் பத்துமான்னு நாலு பேர்கிட்ட கேட்டு, வீடியோவா பாத்துத் தள்ளி, கடைசியா ஒன்ன முடிவு பண்ணுவாங்க. ஆனா அந்த லேத்துல வெட்டப் போற உளிக்கு சாணை பிடிக்க ஒரு மெஷின் வேணும்னு வரும்போது மட்டும், ஹார்டுவேர் கடையில எது முன்னாடி இருக்கோ அத தூக்கிட்டு வந்துடறாங்க. எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். கடைசல் ஆசையா ஆரம்பிச்சு பாதியில விட்டவங்க நிறைய பேர பாத்திருக்கேன், அவங்கள்ல பல பேருக்கு கை வராம இல்ல, உளி வெட்டாமத்தான் வெறுத்துப் போச்சு.

உளி ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குதுன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 100 மி.மீ. அகலத்துல ஒரு கிண்ணம் கடையறீங்க, லேத் 1000 ஆர்பிஎம்ல ஓடுது. உளி முனைய தாண்டி நிமிஷத்துக்கு 314 மீட்டர் மரம் ஓடுது. பத்து நிமிஷத்துல 3 கிலோமீட்டருக்கு மேல. இழைப்புளி வச்சு வேலை செய்யற ஆசாரிக்கு அவ்வளவு மரத்த வெட்ட எவ்வளவு நாளாகும்னு யோசிங்க. இதுல நம்ம மரம் வேற. தேக்குல சிலிக்கா இருக்கு, அது மணல் மாதிரியான சரக்கு, முனைய தின்னுடும். தென்னை மரம் கடைஞ்சவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். புளி, காஞ்ச வேம்பு எல்லாம் ஒரு பக்கம். பூவரசு, வாகை மாதிரி மரம்னா கொஞ்சம் தாங்கும், ஆனாலும் பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கல்லுகிட்ட போய்த்தான் ஆகணும்.

அதனால நமக்கு கிரைண்டர் செய்யற வேலை என்னன்னு முதல்ல தெளிவாயிடணும். வெல்டிங் பட்டறையில வெல்ட தேய்க்கற மாதிரி கிலோ கணக்குல இரும்பு எடுக்கற வேலை இல்ல நம்மளது. ஒரு நாளைக்கு பல தடவை போய், ஒவ்வொரு தடவையும் அஞ்சு பத்து செகண்ட், போன தடவை இருந்த அதே சாய்வுல, அதே வடிவத்துல, ஒரு மெல்லிசு படலம் மட்டும் எடுத்துட்டு திரும்ப லேத்துக்கு வர்ற வேலை. போன தடவை இருந்த சாய்வே இந்த தடவையும் வந்தா செலவாகறது முடி அளவு இரும்பு. வரலைன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு சாய்வு தேய்ச்சு ஏத்தணும், சூடாகும், நேரம் போகும், நல்ல காசு போட்டு வாங்கின உளி கண்ணு முன்னாடியே குட்டையாயிட்டே போகும். என்னோட கருத்து இதுதான்: மெஷினுக்கு வச்சிருக்கற பட்ஜெட்ட மூணா பிரிச்சு, ரெண்டு பங்கு கல்லுக்கும் ஜிக்குக்கும் (உளிய ஒரே கோணத்துல புடிச்சு வைக்கற சாதனம்) போகட்டும். மெஷின் அதிராம, நேரா சுத்தினா போதும்.

இப்ப எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வி, ஸ்லோ ஸ்பீடு வேணுமா. அமெரிக்கக்காரங்க வீடியோ எல்லாத்துலயும் 1725 ஆர்பிஎம் வாங்குங்க, 3450 வேணாம்பாங்க. அந்த நம்பர் அவங்க ஊரு 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு. நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ், அதனால ரெண்டு போல் மோட்டார்னா சுமாரா 2850, நாலு போல்னா 1425, 1440ன்னு நேம்பிளேட்ல போட்டிருக்கும். இங்க கடையில கெடைக்கற பெஞ்ச் கிரைண்டர் பெரும்பாலும் 2850தான். உடனே மனசு விட்டுடாதீங்க. உளிக்குத் தெரியறது ஆர்பிஎம் இல்ல, கல்லோட விளிம்பு என்ன வேகத்துல போகுதுங்கறது மட்டும்தான். 8 இன்ச் கல்லு 2850ல சுத்தினா செகண்டுக்கு கிட்டத்தட்ட 30 மீட்டர். அதே 8 இன்ச் 1425ல சுத்தினா 15 மீட்டர். 6 இன்ச் கல்லு 2850ல சுத்தினா 22 மீட்டர் சொச்சம், அதாவது ரெண்டுக்கும் நடுவுல. சாதா 6 இன்ச் மெஷினே அமெரிக்கக்காரன் ஓட்டற 8 இன்ச் ஃபுல் ஸ்பீட விட ரொம்பவே நிதானமானது (அவங்களுது 36 மீட்டர் வரும்).

சூடு பத்தின பயத்துக்கு வருவோம். உளி என்ன இரும்புங்கறத பொறுத்து இது முழுசா மாறும். பழைய அரத்த தேய்ச்சு செஞ்ச உளி, லாரி பட்டை ஸ்பிரிங்ல அடிச்ச உளி, இதெல்லாம் கார்பன் ஸ்டீல். முனை சூடாகி வைக்கோல் கலர் வந்து, பழுப்பாகி, நீலமாச்சுன்னா கிட்டத்தட்ட 300 டிகிரிக்கு போயிருச்சுன்னு அர்த்தம், அந்த இடத்துல கடினம் போச்சு, அந்த நீலம் போற வரைக்கும் தேய்ச்சு எடுத்தாத்தான் உளி திரும்ப உளியாகும். (அரத்துல செஞ்ச உளி பத்தி ஒரு வார்த்தை: அரம் கடினமா இருக்கும் ஆனா உடையும், சுத்தற மரத்துல கொக்கி மாதிரி மாட்டினா பட்டுனு முறிஞ்சு மூஞ்சிக்கு வரும், தயவுசெஞ்சு வேணாம்.) ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) உளி அப்படி இல்ல. எம்2ன்னு சொல்ற சாதாரண ஹெச்எஸ்எஸ்ல டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் எல்லாம் சேத்திருக்கறதால 500 டிகிரி தாண்டியும் கடினம் நிக்கும். முனையில லேசா நீலம் பாஞ்சாலும் உளிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு, சூடான ஹெச்எஸ்எஸ்ஸ தண்ணியில முக்காதீங்க. திடீர்னு குளிர்ந்தா முனையில கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அப்புறம் முனை பொடிப்பொடியா உதிரும். கைல புடிக்க முடியலைன்னா கீழ வச்சுட்டு அடுத்த உளிய எடுங்க. கார்பன் ஸ்டீலுக்குத்தான் பக்கத்துல தண்ணி டப்பா.

உங்க உளியெல்லாம் ஹெச்எஸ்எஸ்னா 2850 மெஷினே தாராளமா போதும். 1440 கெடைச்சா சந்தோஷம், ஏன்னா கை தப்பு பண்ணா வர்ற சேதாரம் பாதியாகும், கத்துக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனா அதுக்காக ரெண்டு மடங்கு விலை குடுத்து வெளிநாட்டுலேருந்து வரவழைக்கணும்னு நான் சொல்லமாட்டேன். ஃபேன் ரெகுலேட்டர் மாட்டி வேகம் கொறைக்கலாமான்னு கேக்கறாங்க, கூடாது. இது இண்டக்‌ஷன் மோட்டார், வோல்டேஜ கொறைச்சா வேகம் சரியா எறங்காது, இழுவைதான் போகும், காயில் சூடாகி கருகும்.

உண்மையில சூட்டுக்கு காரணம் பாதி நேரம் வேகம் இல்ல, கல்லு. மெஷினோட வர்ற சாம்பல் கலர் கல்லு பொதுவான இரும்பு வேலைக்கு செஞ்சது, ஒரு பக்கம் 36, இன்னொரு பக்கம் 60 கிரிட் (துகளோட அளவு, நம்பர் கூடினா பொடிசு) இருக்கும், கல்லுல இருக்கற பிடிமானம் கெட்டியா இருக்கும். ஹெச்எஸ்எஸ் தேய்க்கும்போது மேல இருக்கற துகள் மழுங்கினாலும் கீழ விழாம அப்படியே ஒட்டிட்டு நிக்கும், கல்லு பளபளன்னு ஆயிடும், அதுக்கப்புறம் அது வெட்டாது, வெறுமனே உரசும், உரசினா சூடு. நமக்கு வேண்டியது வெள்ளைக் கல்லு, அதாவது சுத்தமான அலுமினியம் ஆக்ஸைடு, துகள் மழுங்கினதும் உதிர்ந்து அடுத்த துகளுக்கு வழி விடற மாதிரி கொஞ்சம் இளக்கமான பிடிமானம் உள்ளது. கல்லு மேல ஒட்டியிருக்கற அட்டையில டபிள்யூஏ 80 கே ன்னு போட்டிருக்கா பாருங்க. டபிள்யூஏ வெள்ளை, 80 கிரிட், கே தான் அந்த பிடிமானத்தோட எழுத்து, ஏ பக்கம் போகப் போக இளக்கம், இசட் பக்கம் போகப் போக கெட்டி. ஜே அல்லது கே கேளுங்க. பச்சைக் கல்ல கடைக்காரர் நீட்டினா அது சிலிக்கான் கார்பைடு, கார்பைடு டூலுக்கு, நமக்கு வேணாம்.

இந்த விஷயத்துல நாம குடுத்து வச்சவங்க. கார்போரண்டம் யுனிவர்சல், 1954ல முருகப்பா குழுமம் ஆரம்பிச்சது, சாணைக்கல் செய்யற சென்னை கம்பெனி. கிரைண்ட்வெல் நார்டன் அதுக்கும் முந்தி. எந்த ஊர் மெஷினரி கடை வீதிக்குப் போனாலும் நல்ல வெள்ளைக் கல்லு கேட்டு வாங்கலாம், இல்லைன்னா சொல்லி வச்சா வரவழைச்சுத் தருவாங்க. துளை அளவ மட்டும் கவனிங்க, இங்க விக்கற கல்லு நிறைய 31.75 மி.மீ. துளையோட வரும், உங்க ஷாஃப்ட்டுக்கு ஏத்த புஷ் (இடைவெளிய அடைக்கற வளையம்) உள்ள போடணும். அந்த புஷ் லூசா இருந்தா கல்லு நடுவுல உக்காராது, நீங்க என்ன மெஷின் வாங்கினாலும் அதிரும்.

கூடவே கல்லோட மேல்பரப்ப சீவற ஒரு டைமண்ட் டிரெஸ்ஸர் கண்டிப்பா வாங்குங்க. அம்மி தேஞ்சு வழுவழுன்னு ஆனா கொத்தறோமில்ல, அதே கதைதான், பளபளன்னு ஆன கல்ல டிரெஸ்ஸர் வச்சு லேசா ரெண்டு இழுப்பு இழுத்தா புதுத் துகள் வெளிய வரும், வட்டமும் சரியாகும், உளி பட்டதும் கேக்கற சத்தமே மாறும். ரொம்ப நாளா டிரெஸ் பண்ணாத கல்லுல உளிய நீலமாக்கிட்டு மெஷின திட்டறத நிறைய பாத்திருக்கேன்.

6 இன்ச்சா 8 இன்ச்சான்னா, முடிஞ்சா 8 எடுங்க. கல்லோட வட்டம்தான் உளி சாய்வுல ஒரு குழிவா விழுது, சின்னக் கல்லுன்னா குழிவு ஜாஸ்தி, முனைக்கு பின்னாடி இரும்பு கம்மி. முனை சாய்வா இருக்கற ஸ்கியூ உளிக்கு இது நல்லாவே தெரியும். 6 இன்ச் கல்லு தேஞ்சு 5 ஆகும்போது இன்னும் மோசம், மோட்டார் பாடி வேற ஜிக்குக்கு இடிக்கும். 8 இன்ச்னா அரை ஹெச்பியாவது இருக்கட்டும். ஏற்கனவே வீட்டுல ஒரு நல்ல 6 இன்ச் இருந்தா அத தூக்கிப் போட வேண்டியதில்ல, வெள்ளைக் கல்லு மாத்திட்டு வேலைய ஆரம்பிங்க.

கடையில மெஷின பாக்கும்போது மேல இருக்கற பெயிண்ட்டையும் ஸ்டிக்கரையும் விட்டுட்டு ஷாஃப்ட்ட பாருங்க. கல்லு இல்லாம ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, வெறும் ஷாஃப்ட்டே அதிர்ந்தா அத அங்கயே வச்சுட்டு வந்துடுங்க, அத நம்மளால சரி பண்ண முடியாது. வெறும் ஷாஃப்ட் அமைதியா ஓடி, கல்லு மாட்டினதும் அதிர்ந்தா பிரச்சனை கல்லுலயோ புஷ்லயோ ஃபிளேஞ்சுலயோ இருக்கு, அது தீர்க்கக்கூடியது. ஆஃப் பண்ணி நின்னதும் ஷாஃப்ட்ட புடிச்சு உள்ள வெளிய தள்ளிப் பாருங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. கல்ல ரெண்டு பக்கமும் புடிக்கற ஃபிளேஞ்ச் லேத்துல கடைஞ்ச கெட்டி இரும்பா, இல்ல தகட்டுல குத்தி எடுத்ததான்னு பாருங்க. தகடுன்னா பக்கத்து லேத் பட்டறையில குடுத்து ஒரு ஜோடி கடைஞ்சு வாங்கிக்கலாம், பெரிய செலவு இல்ல, வித்தியாசம் பெருசு. மெஷினோட வர்ற டூல் ரெஸ்ட் (உளிய தாங்கற மேடை) பெரும்பாலும் கையகலம்கூட இருக்காது, அத நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க, எப்படியும் மாத்தப் போறோம்.

இப்ப ஜிக். கனடாவுல ஒன்வே கம்பெனி பண்ற வுல்வரின்தான் இதுல எல்லாரும் பாத்து செய்யற மாதிரி. கல்லுக்கு நேர் கீழ ஒரு சட்டம் முன்னாடி பின்னாடி நகரும், அதோட நுனியில வி வடிவத்துல ஒரு குழி, உளியோட பிடியோ, உளிய புடிச்சிருக்கற ஜிக்கோட காலோ அந்தக் குழியில உக்காரும். அங்கருந்து ஊஞ்சலாட்டற மாதிரி இடமும் வலமும் திருப்பினா கௌஜ்ங்கற குழிவான உளியோட முனை, ரெண்டு இறக்கை எல்லாம் ஒரே ஓட்டத்துல வரும். இத பெருசா இறக்குமதி பண்ண வேண்டியதில்ல, ஸ்குயர் டியூப்பும் ஒரு வெல்டரும் இருந்தா ஒரு நாள்ல நம்ம ஊர்லயே செஞ்சுடலாம், நெறைய பேர் பிளைவுட்லயே செஞ்சு ஓட்டறாங்க. முக்கியம் மூணு அளவு: ஜிக்குலேருந்து உளி எவ்வளவு வெளிய நீட்டியிருக்கு, குழி கல்லுலேருந்து எவ்வளவு தூரம், ஜிக்கோட கால் என்ன கோணத்துல பூட்டியிருக்கு. இந்த மூணும் மாறலைன்னா உங்க சாய்வு மாறாது. நீட்டலுக்கு ஒரு மரக்கட்டையில நிறுத்தம் அடிச்சு பெஞ்சுலயே ஆணி வச்சுடுங்க, குழி தூரத்துக்கு ஒவ்வொரு உளிக்கும் ஒரு குச்சி வெட்டி மேல பேர் எழுதி வைங்க. கோணம் எவ்வளவுன்னா, கிண்ணம் கடையற கௌஜுக்கு 55லேருந்து 60 டிகிரி, நீளக் கட்டை கடையற ஸ்பிண்டில் கௌஜுக்கு 35 பக்கம், முரட்டு வேலைக்கான ரஃபிங் கௌஜுக்கு 45, சுரண்டற உளியான ஸ்கிரேப்பருக்கு 75, 80. ஒரு அஞ்சு டிகிரி முன்ன பின்ன இருந்தா உலகம் ஒண்ணும் முழுகிடாது, நாளைக்கும் அதே கோணம் வந்தா சரி.

ஜிக்க செட் பண்ணதும் மோட்டார போடாதீங்க. பர்மனென்ட் மார்க்கர எடுத்து உளி சாய்வு முழுக்க கருப்படிங்க. உளிய கல்லு மேல வச்சு, கல்ல கையால அரை சுத்து சுத்துங்க. மை எங்க உரிஞ்சிருக்குன்னு பாருங்க. முனைப்பக்கம் மட்டும் உரிஞ்சிருந்தா குழி தூரத்துல இருக்கு, அடிப்பக்கம் மட்டும் உரிஞ்சிருந்தா கிட்ட இருக்கு. சட்டத்த ஒரு நூல் நகர்த்தி திரும்ப கருப்படிச்சுப் பாருங்க, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா உரிஞ்சு வெள்ளி தெரியணும். அப்புறம் சுவிட்ச போட்டு, உளியோட எடைய மட்டும் கல்லு மேல விட்டு, அழுத்தாம திருப்புங்க. ஆரம்பத்துல தீப்பொறி எல்லாம் உளிக்கு அடியிலயே போகும். அப்படியே பாத்துட்டே இருந்தீங்கன்னா ஒரு கட்டத்துல ரெண்டு மூணு பொறி முனைய தாண்டி உளியோட குழிப்பக்கம் மேல ஏறி வரும். அதுதான் அடையாளம், கல்லு முனைய தொட்டுருச்சு. அங்கயே நிறுத்தணும், அதுக்கு மேல தேய்க்கறதெல்லாம் வீண். வெளிச்சத்துல முனைய கண்ணுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, மழுங்கின முனையில வெள்ளையா ஒரு கோடு மின்னும், கூரா இருந்தா அங்க ஒண்ணுமே தெரியாது.

சிபிஎன் வீல் வாங்கலாமான்னா, காசு சேந்ததும் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். க்யூபிக் போரான் நைட்ரைடு, 1957ல ஜெனரல் எலக்ட்ரிக்ல ராபர்ட் வென்டார்ஃப்னு ஒரு விஞ்ஞானி உண்டாக்கினது, வைரத்துக்கு அடுத்த கடினம். வைரம் இருக்கும்போது இது எதுக்குன்னா, வைரம் வெறும் கார்பன், சூட்டுல இரும்பு அத தனக்குள்ள இழுத்துக்கும், சீக்கிரம் தேஞ்சுடும், சிபிஎன்னுக்கு அந்தத் தொல்லை இல்ல. இரும்பு இல்லைன்னா அலுமினியம் சக்கரத்து மேல இந்தத் துகள ஒரு அடுக்கு பிளேட்டிங் பண்ணியிருப்பாங்க. எனக்கு இதுல பிடிச்சது கூர்மைய விட ஒண்ணு: சக்கரத்தோட விட்டம் மாறாது. கல்லு 200லேருந்து 180 மி.மீ. ஆனா உங்க குச்சி, கட்டை எல்லா அளவும் பொய்யாயிடும், சிபிஎன்ல இன்னிக்கு வச்ச அளவு வருஷங்கழிச்சும் அதேதான். டிரெஸ்ஸிங் கிடையாது, கல்லு தூசி கிடையாது. ஆனா இது ஹெச்எஸ்எஸ் மாதிரி கடினமான இரும்புக்குத்தான், மைல்டு ஸ்டீல், அலுமினியம், பித்தளை எதையும் அதுல காட்டாதீங்க, அடைச்சுக்கும். புஷ் வச்சு சமாளிக்கவும் முடியாது, துளை ஷாஃப்ட்டுக்கு அச்சா பொருந்தணும். 5/8 இன்ச்னா 15.88 மி.மீ., 16 மி.மீ. ஷாஃப்ட்ல அது ஏறாது, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி வெர்னியர் வச்சு அளந்துடுங்க. அரை ஹெச்பி மெஷின்னா அலுமினியம் சக்கரமே நல்லது, இரும்புச் சக்கரம் ரெண்டு மாட்டினா கெளம்பவே திணறும், அதுவும் சாயங்காலம் வோல்டேஜ் எறங்கற ஊர்ல. முதல்ல ஒரே ஒரு 180 கிரிட் சிபிஎன் வலது பக்கம், வடிவம் மாத்தற முரட்டு வேலைக்கு இடது பக்கம் வெள்ளைக் கல்லு, இந்த ஜோடி போதும்.

டோர்மெக் மாதிரி தண்ணியில ஓடற மெஷின் நிமிஷத்துக்கு 90 சுத்துதான், சூடே ஆகாது, முனை அற்புதமா வரும், ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் வர்ற நமக்கு அது பொறுமைய சோதிக்கும், விலையும் எட்டாது. பெல்ட் மெஷின் நல்ல விஷயம், கத்தி செய்யறவங்க ஸ்குயர் டியூப்ல செஞ்சு வச்சிருக்கற மாதிரி. கார்பைடு பிட் மாட்டின உளிக்கு சாணையே வேணாம்பாங்க, சரிதான், ஆனா அதோட வழக்கமான தட்டை பிட் மரத்த சுரண்டும், கூரான கௌஜ் சீவி விட்ட பரப்பு அதுல வராது.

மெஷின லேத்துலேருந்து ரெண்டு எட்டு வைக்கற தூரத்துல, முழங்கை உயரத்துல, நல்ல வெளிச்சத்துல வைங்க. தூரமா இருந்தா சோம்பேறித்தனத்துல மழுங்கின உளியோடயே தள்ளிட்டு இருப்போம், அப்பதான் உளி மாட்டி மரம் பறக்கும். ஆனா கிட்ட இருக்கறதால சுருள் சீவலும் மரத்தூளும் தீப்பொறி விழற இடத்துல சேரக் கூடாது, இது விளையாட்டு இல்ல, பொறி விழுந்து தூளுக்குள்ள கனன்னு கெடந்து ராத்திரி பத்திக்கிட்டதெல்லாம் நடந்திருக்கு. தினம் பெருக்குங்க. புதுக் கல்லு மாட்டறதுக்கு முன்னாடி விரல்ல தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவரோட பிளாஸ்டிக் பிடியால தட்டுங்க, கணீர்னு கேக்கணும், சொத்துனு கேட்டா உள்ள வெடிப்பு, அந்தக் கல்ல உடைச்சுப் போட்டுடுங்க, யாருக்கும் குடுக்காதீங்க. கல்லுல போட்டிருக்கற உச்ச ஆர்பிஎம் மெஷினோடத விட அதிகமா இருக்கணும். இடது பக்க நட்டுக்கு மரை திரும்பி இருக்கும், சாதா நட்ட இறுக்கற பக்கமா திருப்பினாத்தான் அது கழலும். ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ.க்கு மேல இடைவெளி வேணாம். சுவிட்ச் போட்டதும் முதல் ஒரு நிமிஷம் கல்லுக்கு நேரா நிக்காம ஓரமா நில்லுங்க. கண்ணாடி இல்லாம கிட்டயே போகாதீங்க.

ஸ்லோ ஸ்பீடு வேணும்னு பிடிவாதமா இருக்கறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச வழி. மூடின பட்டறைகள்லேருந்து பழைய மெஷினரி கடைக்கு வர்ற திரீ ஃபேஸ் கிரைண்டர் வீட்டுல கரண்ட் ஒத்துக்காதுன்னு யாரும் தொடமாட்டாங்க, அதனால மலிவா கெடைக்கும், பாடி எல்லாம் கெட்டி வார்ப்பு, பேரிங் மாத்தினா புதுசு மாதிரி ஓடும். சிங்கிள் ஃபேஸ் உள்ள வாங்கி திரீ ஃபேஸ் வெளிய விடற ஒரு விஎஃப்டி (ஹெர்ட்ஸ மாத்தி மோட்டார் வேகத்த மாத்தற பெட்டி) வாங்கி மாட்டுங்க. 50 ஹெர்ட்ஸ்ல 2850 ஓடற மோட்டார் 25 ஹெர்ட்ஸ்ல பாதி வேகத்துல ஓடும், நமக்கு லேசா தொடற வேலைதான்ங்கறதால சக்தி பத்தும். ஆனா அந்த விஎஃப்டி வெளிய விடறது 230 வோல்ட்தான், மோட்டார் 415க்கு ஸ்டார்ங்கற இணைப்புல கட்டியிருக்கும், அத டெல்டாங்கற இணைப்புக்கு மாத்தணும். அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடி டெர்மினல் பாக்ஸ கழட்டி ஆறு முனையும் வெளிய வந்திருக்கா பாருங்க. மூணு ஒயர்தான் வெளிய தெரியுது, ஸ்டார் முடிச்சு உள்ளயே கட்டியிருக்குன்னா ரீவைண்டிங் கடைக்காரர்கிட்ட செலவு எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு விலை பேசுங்க.